அண்ணியின் டப்பாக் குரல்

மார்ச் 4, புதன்

அண்ணியின் டப்பா செத்துப்போய்விட்டது. நேற்று அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் யாரோ ஒருவருக்கு "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம், "சாப்பா"வோடு நின்றுவிட்டது. அப்புறம் உயிரே வரவில்லை. அண்ணன் போனில் சொன்னபோது அவனுக்கே குரல் இல்லை.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணிக்குப் பேச்சு என்றால் அந்த டப்பாதான். அவள் தட்டுவாள், அது பேசும். ஆபரேஷனுக்கு முன்னால் அவளையே நிறையப் பேசவைத்துப் பதிவு செய்து, அந்த ஒலிகளை வெட்டி ஒட்டிச் செய்த குரல். கல்யாணமான கையோடு ஆபரேஷன். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சொந்தக் குரல் எனக்கு நினைவே இல்லை. எனக்குத் தெரிந்த அண்ணி டப்பா அண்ணிதான் – வெடுக்கென்று பேசுவாள், வார்த்தைக்கு வார்த்தை ஒரு குட்டு வைப்பாள்.

"நீதான் கம்ப்யூட்டர்காரி ஆச்சே, ஏதாவது பண்ணேன்" என்றான் அண்ணன். வீட்டில் குழாய் ஒழுகினாலும் இதையேதான் சொல்வான்.

மார்ச் 6, வெள்ளி

டப்பாவைச் செய்தவரைத் தேடிப் பிடித்தேன். பட்டறையை மூடிவிட்டு இப்போது பூச்செடி விற்கிறார். நல்ல மனிதர், டப்பாவுக்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலையும் அண்ணியின் பதிவுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டையும் அப்படியே கொடுத்துவிட்டார்.

"பைத்தானோட பழைய பதிப்புல எழுதினதும்மா. அதுலயே குரலை பில்ட் பண்ணிடுங்க" என்றார். பிறகு, "அந்தம்மா எவ்வளவு பொறுமையா பேசிக் குடுத்தாங்க தெரியுமா!"

அண்ணியா? பொறுமையா? வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய பதிப்பை இந்தக் காலத்தில் யார் நிறுவுவது? என் கணினியில் இருக்கும் புதியதிலேயே ஓட்டினேன். வரிக்கு வரி பிழை என்று கத்தியது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன், இரண்டு பதிப்பிலும் ஓடுகிற மாதிரி. மத்தியானத்துக்குள் குரல் தயார். டேப்லெட்டில் ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன், மிதப்போடுதான்.

அண்ணி தட்டினாள். "வாலு, செருப்பை நடு வழியில கழட்டாதே."

பாட்டு டீச்சர் தாலாட்டுகிற மாதிரி வந்தது. வாலு – அண்ணனின் மகள், பெயருக்கேற்ற வால் – கூடத்துக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "யாரும்மா வந்திருக்கா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அண்ணி வாலுவின் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "யாரோ நல்லவ பேசற மாதிரி இருக்கு. இது நான் இல்ல."

மார்ச் 11, புதன்

சரி, பூச்செடிக்காரர் சொன்னபடியே செய்வோம் என்று இறங்கிவிட்டேன். பழைய பதிப்பைத் தேடி எடுத்து, என் கணினிக்குள்ளேயே தனி அறை மாதிரி ஒன்றை அமைத்தேன். அதற்குள் பழைய பைத்தான், அது நம்பியிருக்கும் பழைய துணை நிரல்கள், எல்லாம் அதனதன் பழைய பதிப்பில். வெளியே எல்லாம் மாறிவிட்டது. உள்ளே மட்டும் அண்ணி ஆபரேஷனுக்குப் போன அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிய விஷயம் இது! யாருக்கும் சொன்னால் புரியாது.

மார்ச் 12, வியாழன்

சண்டை.

பழைய பதிப்பில் பில்ட் செய்துகொண்டு போனேன். மறுபடியும் அதே பாட்டு டீச்சர். அது பேசியதில் ஒரு வார்த்தைதான் அண்ணி காதில் வாங்கினாள், டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"பழைய பதிப்பு, பழைய நிரல், நீங்களே பேசின பதிவு. இதுக்கு மேல என்னதான் அண்ணி வேணும் உங்களுக்கு?"

சிலேட்டில் எழுதினாள்: "என் குரல்."

"உங்களுக்குப் பிடிவாதம்! வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் படார் படாரென்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி பகலா உழைச்சவளுக்கு இதுதான் மரியாதையா?

மார்ச் 13, வெள்ளி

வழக்கமாக இப்படிச் சண்டை போட்டால் அரை மணியில் போன் செய்து திட்டுவாள். இப்போது அவளால் திட்டக்கூட முடியாதே. சே.

மார்ச் 14, சனி

எழுதித்தான் தீர வேண்டும்.

காலையில் ஒரு சந்தேகம். நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: வேலையை ஆரம்பிக்கும் முன் நீ எந்தப் பதிப்பு என்று சொல். ஓட்டினேன். சொல்லிற்று – புதிய பதிப்பு!

அட கடவுளே. அறையைக் கட்டினேன், பழையதை உள்ளே வைத்தேன், நிரலை அந்த அறைக்குப் போகச் சொல்ல மறந்தேன். நான் நிரல் எழுதி ஓட்டும் எடிட்டரின் அமைப்பில் இன்னும் வெளியே இருக்கும் புதியதைக் காட்டும் பாதைதான். இரண்டிலும் ஓடும்படி நானே திருத்தி வைத்ததால் பிழையும் வரவில்லை. அது பாட்டுக்குப் புதியதில் பில்ட் செய்திருக்கிறது. நான் பழையது பழையது என்று மார்தட்டியிருக்கிறேன். இந்தத் துறையில் இத்தனை வருஷம் இருந்து எனக்குத் தெரியாதது, ஒரே ஒரு வார்த்தை கேட்ட அண்ணியின் காதுக்குத் தெரிந்திருக்கிறது!

பாதையை மாற்றினேன். ஒரே ஒரு வரி. ஓட்டினேன்.

"வாலு, செருப்பை நடு வழியில கழட்டாதே."

வெடுக்கென்று. அண்ணி! என் அறைக்குள்! நான் கழற்றிப் போட்ட செருப்பு எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் இப்படி? தேடிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நீளம் ஒலிக்க வேண்டும் என்று நிரல் வகுத்துக் கணக்குப் போடுகிறது. ஏழு என்ற எண்ணை இரண்டால் வகுத்தால் புதிய பதிப்பு மூன்றரை என்று சரியாகச் சொல்லும். பழையது அரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று என்னும். ஒலிக்கு ஒலி அந்த மிச்சம் போய், எல்லா வார்த்தைக்கும் வால் வெட்டுப்பட்டு – அதுதான் அந்த வெடுக்.

பிறகு வெட்டாத மூலப் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். பாட்டு டீச்சர். நிதானமாக, இழுத்து இழுத்து, பொறுமையாக. பூச்செடிக்காரர் சொன்னது அண்ணியைத்தான்.

அப்படியென்றால் புதியதில் வந்ததுதான் சரியான குரல். எங்கள் எல்லாரையும் இத்தனை காலம் அதட்டி உருட்டியது விட்டுப்போன ஒரு அரையா? குரலுக்கு ஏற்ற மாதிரி அவள் மாறினாளா? இல்லை, நாங்கள்தான் அப்படிக் கேட்டுப் பழகினோமா? எனக்குத் தெரியவில்லை. பிரமிப்பாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அண்ணன் ஏன் பால்கனிக்குப் போனான் என்று இப்போது புரிகிறது.

மார்ச் 15, ஞாயிறு

மாடிப்படியிலேயே அண்ணனை நிறுத்திச் சொன்னேன்.

"தெரியும்" என்றான். "முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல பேசுவாளே, அதே குரல்."

"அப்ப உனக்கு எதுண்ணா வேணும்?"

கைப்பிடிச் சுவரைத் தடவினான். "பேசப் போறது அவ. என்னை ஏன் கேக்கற?"

அண்ணியிடம் எதையும் மறைக்கவில்லை. முதலில் மன்னிப்பு. பிறகு கணக்கு, அரை, எல்லாம். இரண்டு குரலையும் போட்டுக் காட்டினேன். இழுத்துப் பேசும் குரலை இந்த முறை கடைசிவரை கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு சிலேட்டை எடுத்து எழுதினாள்.

"இவ நல்லவ. ஆபரேஷனுக்குப் போனா, திரும்பி வரல. என் பொண்ணை வளர்த்தது இந்தச் சிடுமூஞ்சிதான்." டேப்லெட்டில் வெடுக்குக் குரலைத் தொட்டுக் காட்டினாள்.

ஏற்றிக் கொடுத்தேன். உடனே தட்டினாள்: "வாலு, பால் ஆறுது."

உள்ளறையிலிருந்து பதில். எட்டிப் பார்க்கக்கூட இல்லை. "வரேம்மா! அதுக்கு ஏன் கத்தற?"

அண்ணி சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் மட்டும் குலுங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வேலையாக என் பக்கம் திரும்பித் தட்டினாள்: "நீ என்ன, அன்னைக்குச் செருப்பை அந்தப் போடு போட்டுட்டுப் போற? வாசப்படி என்ன பண்ணுச்சு உன்னை?"

எவ்வளவு திட்டினாலும் தாங்கும்.

மார்ச் 21, சனி

அண்ணன் போன் செய்தான். சுற்றிச் சுற்றி என்னென்னவோ பேசினான். கடைசியில், குரலைத் தணித்து, "அந்த இன்னொண்ணு இருக்கில்ல, அதை அழிச்சிடாதே" என்றான். "கேக்கணும்னு இல்ல. எங்கயாவது இருந்தா போதும்."

அழிக்கவில்லை என்றேன். இரண்டு பதிப்பும் ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியாக இருக்கின்றன, நான் இருக்கும்வரை இருக்கும் என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வந்தான். பின்னாலிருந்து வெடுக்கென்று ஒரு சத்தம்: "யார்கிட்ட இவ்வளவு நேரமா குசுகுசுன்னு? கடைக்கு நேரமாச்சு!"

"இரு, கூப்பிடறா" என்று போனை வைத்துவிட்டான்.