அண்ணாச்சி அனுப்பிய தண்ணீர்

செவ்வாய்க் கோள், வடபனி நிலையம்
குறிப்பு எழுதுவது: அமலோற்பவம், வினையூக்கிப் பிரிவு

நாள் 212 – 07:10
நிக்கல்–மாலிப்டினம் நுண்துகள்கள் மின்தகட்டில் பூசியாயிற்று. தண்ணீரைப் பிரித்து மணிக்கு 900 லிட்டர் ஹைட்ரஜன் தருகின்றன. முப்பது கிலோமீட்டர் தள்ளி, பனிக்குழியில் இசக்கிமுத்து அண்ணாச்சியின் ஊர்தி எரிபொருள் கசிந்து நிற்கிறது. அவர் பனியைத் துளைப்பானால் வெட்டி, உருக்கிக் குழாயில் தண்ணீர் அனுப்புகிறார். நான் அதை ஹைட்ரஜனாக்கித் தானியங்கி வண்டியில் அனுப்ப வேண்டும். அவருடைய மின்கலத்தில் ஆறு நாள் சூடு இருக்கிறது. நான்கு நாளில் கலன் நிரம்பும், வண்டி போய்ச் சேர முப்பது மணி நேரம். கணக்கு சரி.

நாள் 214 – 16:40
நேற்று தண்ணீர் பாதிதான் வந்தது. வானொலியில் கத்திவிட்டேன்.
"தண்ணி இல்லாம நான் என்னத்தப் பிரிக்க அண்ணாச்சி? காத்தையா?"
"ஏசாத தாயி. துளைப்பான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. இனி முழுசா வரும்."
இன்று முழுசாக வந்தது. கத்தினால்தான் வேலை நடக்கிறது.

நாள் 215 – 09:05
மணிக்கு 520 லிட்டர் ஹைட்ரஜன்தான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்திருக்கும். மாலிப்டினத்தைக் கூட்டிப் புதிதாகத் தயாரித்தேன். தண்ணீர் இன்றும் முழு அளவு.

நாள் 216 – 11:30
310. மறுபடி விகிதம் மாற்றினேன். மாலிப்டினம் தீர்ந்தது. பதினோரு வருடம் இந்தத் துகள்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இப்போது பார்த்துக் காலை வாருகின்றன. அண்ணாச்சியின் குரல் கரகரக்கிறது. குளிராம்.

நாள் 217 – 13:15
90. தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். துகள்கள் ஒட்டிப் பெருத்திருக்கவே இல்லை, நான் செய்தபடியே இருக்கின்றன. மேலே அவற்றை மூடி ஒரு தோல் படிந்திருக்கிறது. வெள்ளி.
பனியில் வெள்ளி கிடையாது. குடிதண்ணீரில் உண்டு. கிருமி வராமலிருக்க நாங்களே கலப்பது.
துளைப்பான் உடைந்தே போயிருக்கிறது. நான் ஏசியதும் தன் குடிதண்ணீரைக் குழாயில் ஊற்றியிருக்கிறார். நான்கு நாளாக. அந்தக் கரகரப்பு குளிரால் வந்ததல்ல.
வரும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அண்ணாச்சி அனுப்புவதையா சோதிப்பது என்று விட்டுவிட்டேன்.
அமிலத்தில் கழுவிப் பார்த்தேன். வெள்ளியோடு நிக்கலும் போய்விட்டது.

நாள் 217 – 14:00
பாதிக் கலனையும் எட்டுக் கேன் குடிதண்ணீரையும் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். நாளை இரவுதான் போய்ச் சேரும். அவருக்குச் சூடு நாளைக் காலை வரைதான். தெரிந்தேதான் அனுப்பினேன். என் உடையில் காற்று ஆறு மணி நேரம். நடந்து போகவும் வழியில்லை. தாங்க முடியவில்லை.

நாள் 218 – 06:20
"தாயி, தண்ணி வந்துச்சா?"
"வந்துச்சு அண்ணாச்சி."
"போதுமா?"
"நெறஞ்சிட்டு. வண்டி வந்துக்கிட்டே இருக்கு."
"அப்பச் சரி. கொஞ்ச நேரம் கண்ண மூடுதேன்."

நாள் 218 – 20:05
வண்டி போய்ச் சேர்ந்தது. கதவு திறக்கவில்லை. இருபது முறை கூப்பிட்டேன்.

நாள் 219
இந்தக் குறிப்பைப் படிப்பவருக்கு.
தோல்விக் காரணம் என்ற கட்டத்தில் 'கலவை விகிதம் தவறு, பொறுப்பு அமலோற்பவம்' என்று எழுதியிருக்கிறேன். அவர் மகள் மாரிச்செல்வி கேட்டால் அதையே சொல்லுங்கள். தண்ணீரைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அவள் வேதியியல் படிக்கிறவள், வெள்ளி என்று ஒரு வார்த்தை போதும், அப்பா ஊற்றிய தண்ணீர்தான் கெடுத்தது என்று தெரிந்துவிடும்.
217-ஆம் நாள் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.
எனக்குக் கை வரவில்லை.