குரைத்து ஓயும்வரை

மார்ச் 3, செவ்வாய்

டக்கர் சோபாவைக் குதறிவிட்டது. நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மளிகை வாங்கப் போய்வந்த ஒன்றரை மணி நேரத்தில் வீடெல்லாம் பஞ்சு. விழுங்கியிருக்குமோ என்று கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். "அடுத்த தடவை வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்" என்றார். வரும் வழியிலேயே கூண்டு வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வெர்லினுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"முப்பது வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து, தாமதமா வர்ற பிள்ளைங்களுக்கு லேட் சீட்டு எழுதினே. இப்போ நாய்க்கு ஜெயிலா?"

"ஜெயில் இல்ல. அதோட ரூம்."

"அப்போ நீ ஒரு ராத்திரி உள்ள படுத்துப் பாரேன், அம்மணி."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கூண்டு கூண்டுதான்.

மார்ச் 5, வியாழன்

நாய்ப் பயிற்சி வகுப்பு. ஆசிரியை கெண்ட்ராவுக்கு என் வயதில் பாதிகூட இராது. ஆனால் விஷயம் தெரிந்தவள். குரைக்கும்போது கூண்டைத் திறக்கவே கூடாதாம். "குரைச்சா நீங்க வருவீங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும், ஆயுசுக்கும் குரைக்கும். வெளியே போய் கார்ல உக்காருங்க. ஓஞ்ச பிறகு வாங்க."

"என்னையும் இவ அப்படித்தான் பழக்கினா" என்றார் வெர்லின். வகுப்பே சிரித்தது. இந்த மனிதரை எங்கேயும் கூட்டிப்போக முடியாது.

மார்ச் 7, சனி

காலையில் பார்த்தால் கூண்டு காலி. கிழிந்த சோபாவில் இரண்டு பேரும் குறட்டை.

"இப்படித் திறந்துவிட்டா அது எப்போ கத்துக்கும்?"

"அது அழுதுது, நோரீன்."

மத்தியானம் வரை நான் அவரோடு பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தன் பழைய கம்பளிச் சட்டையைக் கூண்டுக்குள் விரித்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 11, புதன்

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹீட்டர் போட்டும் கை விறைக்கிறது. வெர்லினிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன் – மாடியை விட்டு இறங்கினால் ஒரு வாரம் பேச்சு கிடையாது.

2.10. ஆரம்பித்துவிட்டது.

2.20. வழக்கமான முனகல் இல்லை. தொண்டை கிழியக் குரைக்கிறது. போகலாமா? கூடாது. விதி விதிதான்.

2.31. இன்னும்.

2.34. நின்றுவிட்டது. அப்பாடா! இருபத்துநாலு நிமிடம், நான் அசையவில்லை. வெர்லினிடம் பெருமையடித்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போகிறேன்.

மார்ச் 19, வியாழன்

அன்று உள்ளே போனபோது வெர்லின் கூண்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

கூண்டுக்கு இரண்டு தாழ்ப்பாள். மேல் தாழ் மட்டும் திறந்திருந்தது.

"உடனே வந்திருந்தாலும் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லையே.

டக்கர் என்னைத்தானே கூப்பிட்டுச்சு? வா வான்னு கத்திட்டு இருந்துச்சே. நான் பாவி, கார்ல உக்காந்து மணி குறிச்சிட்டு இருந்தேன். 2.10, 2.20, 2.31. என் கையெழுத்து. கடைசியில் அவருக்கே லேட் சீட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

வெர்லினின் தங்கை ஜோலீன் சாப்பாடு கொண்டுவந்தாள். டக்கர் தானாகவே கூண்டுக்குள் போய் அந்தக் கம்பளிச் சட்டைமேல் படுத்துக்கொண்டது.

"அடேயப்பா, எவ்ளோ நல்லாப் பழகிடுச்சு! சத்தமே இல்லையே!"

பதினொன்றாம் தேதிக்குப் பிறகு அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை. இந்த நோட்டையும் காட்டவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கூண்டின் கதவைக் கழற்றி கராஜில் போட்டேன். சோபாவைத் தின்னட்டும் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது சோபா அப்படியே இருந்தது. அதற்கும் அழுதேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

குளித்துக்கொண்டிருந்தேன், தலை முழுக்க சோப்பு. கீழே ஒரு குரைப்பு.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். படியில் வழுக்கி முட்டி பெயர்ந்துவிட்டது. டக்கர் வாசல் கதவருகே நின்றது. கண்ணாடிக்கு வெளியே தபால்காரர், என் கோலத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஓடி வந்ததை அது பார்த்துவிட்டது. கெண்ட்ரா சொன்னபடி இனி ஆயுசுக்கும் குரைக்கும்.

குரைக்கட்டும்.