முதல் பாடத்தின் சிவப்பு மை

நமுனுகுல,
11.08.2004

அன்பு மகள் ஜெயந்தினிக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் சுகம், அங்கே மட்டக்களப்பு வெயிலும் நீயும் சுகந்தானே. உன் கடிதம் வந்ததிலிருந்து உன் சித்தி இராக்கம்மா, பெரட்டுல ஆள் கணக்கு எடுக்குற கங்காணிக்கு காலேஜுப் பைலுல என்னங்க வேலைன்னு என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். லீவுக்கு வந்தபோது நீ போர்ட்போலியோ என்று சொல்லி மேசையில் வைத்த, டீச்சர் பயிற்சிக்கு நீ படிப்பித்த பாடங்களுக்கெல்லாம் மிஸ் குறிப்பெழுதின அந்தப் பைலைத் திறந்தால் முன்பக்கமெல்லாம் சிவப்பு மை, போகப் போகத்தான் சுத்தம். தேயிலைக் கொழுந்தை நிறுக்குமுன் முற்றின இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தானே தராசில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை கிலோவை வெட்டுவார். என் ஆட்களின் கூடையில் இன்றுவரை எந்தத் துரையும் குறை பிடித்ததில்லை. அதேபோல உன் பைலிலும் சிவப்பு மைத் தாள்களை உருவியெடுத்துச் சுத்தம் பண்ணி, நூல் போட்டுக் கட்டி உன் பையில் வைத்தேன்.

இப்போது உங்கள் யோகமலர் மிஸ், தொடக்கம் எங்கே பிள்ளை, நீ எப்படி வளர்ந்தாய் என்று தெரியாமல் நான் எதற்குப் புள்ளி போடுவது, வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாள்கள் வராவிட்டால் இந்த வருஷம் பாஸ் இல்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அழாதே மகளே. உன் கையெழுத்து உள்ள தாளை அடுப்பில் போட எனக்கு மனம் வருமா, எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பதுளையிலிருந்து அங்கே பஸ் ஓட்டுகிற ஸலீம் நானாவிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்துவிடுகிறேன், நாளைப் பின்னேரம் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். அவர் எனக்காகப் பஸ்ஸையே காலேஜ் வாசலுக்குத் திருப்புவார், நான்தான் வேண்டாம் என்றேன்.

கட்டுமுன் முதல் தாளை வாசித்தேன். பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தே படிப்பித்தார், குரல் இரண்டாம் வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் எட்டவில்லை என்று மிஸ் எழுதியிருக்கிறார். பைலின் கடைசித் தாளில் மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை என்று அவரே எழுதியிருந்ததை நான் அன்றைக்கே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து நினைத்தபோதுதான் நீ ஏறின ஏற்றம் எனக்கு விளங்கியது. பக்கத்து வீட்டுக் கணபதி அண்ணனுக்கு முதல் தாளைக் காட்டினேன், அட, இந்தப் புள்ளையா இப்படிப் பயந்து கெடந்துச்சு என்று வாயைப் பிளந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் குடையில்லாமல் திரியாதே. கதிர்காமத்தான் உன் பக்கம் நிற்பான். இன்னொன்று, முதல் பாடத்தில் மிஸ் பிடித்த பிழை எட்டு, நான் இங்கே எண்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்து குறைத்துச் சொல்லி என் பிள்ளையின் பெருமையைக் கெடுத்துவிடாதே.

பெற்றது அண்ணன் என்றாலும் வளர்த்த உரிமையோடு,
சித்தப்பா அழகையா