துளசித் தண்ணீரில் ஊறிய மோதிரம்

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததும் இலை வேகும் வாடை முகத்தில் அடித்தது. இந்த வருஷம் முருங்கை இலை. போன வருஷம் கறிவேப்பிலை, அதற்கு முன்பு நொச்சி. திருச்சியைச் சுற்றி நாங்கள் வேகவைக்காத இலை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். இலைச்சாற்றில் தங்க உப்பைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் உண்டாகும். நானோ துகள். அதைத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள் மேல் ஊற்றினால் செல்கள் சாகும். ஒரு கட்டுரை தேறும். மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். ஆராய்ச்சி மாணவி பின்னாலேயே வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"மேம், பிரஸ் நோட். பிரின்சிபால் சார் உங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

முதல் வரியிலேயே, புற்றுநோய்க்கு முருங்கையில் மருந்து என்று இருந்தது. அன்று என்னுடைய பிரஸ் நோட்டை டைப் அடித்தவள் நீ. உன்னை விட்டால் இதை நான் யாரிடம் சொல்வேன்?

ஆபீஸில் நாலு பேர் இருக்கும்போது என்னை "மேடம்" என்பாய். மதியம் உன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தால், "வாடி, இன்னிக்கும் தயிர் சாதமா? ஸ்ரீரங்கத்துல வேற எதுவும் கெடைக்காதா?" என்பாய். எடமலைப்பட்டி புதூரிலிருந்து நீ கொண்டுவரும் வத்தக்குழம்பில் பாதி எனக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே கல்லூரியில் நான் வேதியியல் துறையிலும் நீ ஆபீஸிலுமாக வந்து சேர்ந்தோம். நான் எது சொன்னாலும் நீ நம்புவாய். கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதிய காலத்திலிருந்தே அப்படித்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் இலை வேகவைப்பது என் முறை. நான் எடுத்தது துளசி. தட்டில் இருந்த செல்கள் செத்தன. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்லத் துளசியும் வேண்டாம், தங்கமும் வேண்டாம், கொஞ்சம் வினிகர் ஊற்றினாலே போதும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் பிரஸ் நோட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "இது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் மட்டுமே பார்க்கப்பட்டது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்படவில்லை." பிரின்சிபால் படித்துவிட்டுச் சிரித்தார். "பேப்பர்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்? படிக்கிறவங்க சந்தோஷப்படட்டுமே." நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். அவர் அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன். நீ மறுபடி சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்தாய்.

செய்தி வந்தது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் தலை லாரி டயர் அளவுக்கு இருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் வரிசையில் நீதான் கை வலிக்கத் தட்டினாய்.

அப்போதே உன் மார்பில் கட்டி இருந்தது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நீ யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு மாசம் கழித்து ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே கேட்டாய்.

"ஏண்டி, உன் மருந்து எப்ப வரும்?"

"எந்த மருந்து?"

"அந்தத் தங்க மருந்துதான். அது வர்ற வரைக்கும் நானே துளசியக் கொதிக்க வச்சு, மோதிரத்தக் கழட்டி அதுல ஊறப் போட்டு, தெனம் வெறும் வயித்துல குடிச்சிட்டு இருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

விஷயத்தை முழுக்கச் சொன்னாய். அதைக் கேட்ட பிறகும் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அது மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கலடி. நீதானே டைப் அடிச்ச, அந்த வரியப் படிக்கலையா?" உன்னைக் கேட்டேன்! இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ குழப்பத்தோடு என்னைப் பார்த்தாய். "படிச்சேனே. அதை நீதானே சிவப்புல அடிச்ச? நீ அடிச்சா அது தப்பாத்தானே இருக்கும்னு நெனச்சேன்."

அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் புத்தூருக்குப் போனோம். அதற்குள் அது ஈரல்வரை போயிருந்தது. நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உன் வீட்டுக்காரரும் அழுதாரே தவிர, என்னைக் கேட்கவில்லை. அவருக்கு இன்றுவரை நான் பெரிய விஞ்ஞானி.

இன்று மாணவியின் தாளில் அந்த வரியை என் கையால் முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் பிரின்சிபால் கூப்பிட்டார். இப்போது இருப்பவர் வேறு ஆள், சிரிப்பு மட்டும் அதேதான். "ஏன் மேடம், நல்ல செய்தியப் போய்க் கெடுக்கறீங்க? இதை எடுத்துடலாமே." எடுத்தால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு என் பெயர் இல்லாமல் செய்தி வந்தாலும் வரும். ஃப்ளெக்ஸும் வைப்பார்கள். எனக்கு இவர்கள்மேல் உள்ள அருவருப்பைவிட என்மேல்தான் அதிகம், அது இன்று ஒரு துளியும் குறையவில்லை.

உன்னிடம்கூடச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நீ போன பிறகும் அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் போராடிய பிறகு நோய் மறுபடி தலைதூக்கியபோது, டாக்டர் வேறு மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். அதுவும் நானோ மருந்துதான், ஆனால் நிஜமானது. மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து, இதயத்துக்குக் கெடுதல் குறையும்படி செய்தது. எங்கோ முகம் தெரியாத யாரோ வருஷக்கணக்காகப் பாடுபட்டு, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்துக் கொண்டுவந்தது. அதில் என் பங்கு எள்ளளவும் இல்லை. நீ கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். "போதும்டி. இனிமே எதுவும் வேண்டாம், என்னை விட்டுடு." உன் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள்.

"இது நானோ மருந்துடி" என்றேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினாய். "உன்னோடதா?"

"ஆமாடி, என்னோடதுதான்" என்றேன்.

நீ சிரித்தாய். போர்வையை விலக்கிக் கையை நீட்டினாய்.