சகலையின் துப்பாக்கி

அல்மாட்டி
28 அக்டோபர் 2009

அன்புள்ள சகலை ஒராஸ்பெக்குக்கு,

உன் மந்தையும் மக்களும் சுகமாக இருக்கட்டும். நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் மட்டும் இன்னும் உன் மலையிலேயே இருக்கிறது.

கோபம் ஆறட்டும் என்று இருபது நாளாக எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை. மாமனார் வீட்டு விருந்தில் நடந்தது உனக்கும் தெரியும். அந்த வீட்டின் மூத்த மருமகன் நான். மருமகனுக்கு உரிய நெஞ்சுக்கறி பதினெட்டு வருடமாக என் தட்டுக்குத்தான் வந்திருக்கிறது. அன்று பெரியவர் அதை எடுத்து உன் முன்னால் வைத்துவிட்டு, "வேட்டைக்காரன் சாப்பிடட்டும். மூத்தவருக்குத்தான் தூரம் அளக்கிற வேலை இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ரவ்ஷானும் சிரித்தாள். நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டாய், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

விருந்துக்கு முன் நாம் போன வேட்டையில் என் பையில் இருபத்தேழு சாமான் இருந்தன, எண்ணிப் பார்த்துவிட்டேன். உன்னிடம் ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, கொஞ்சம் கயிறு, ரொட்டி, உலர்ந்த தயிர் உருண்டை. பூட்ஸுக்கு மேல் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு பூனை மாதிரி நடந்தாய். தூரம் அளக்கும் கருவியை எடுக்க நான் பையைத் திறந்தேன், பை வாயின் ஒட்டுப்பட்டை சர்ரென்று சத்தத்தோடு பிரிந்தது, மலையாட்டு மந்தை முழுக்க அடுத்த மலைக்குப் போய்விட்டது. நீ மறுநாள் தனியாகப் போய் ஒரே குண்டில் வேலையை முடித்துவிட்டு வந்தாய்.

பொறாமைதான் தம்பி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

உன் சகலை,
கைர்ஜான்


குளிர்காலக் கிடை
14 நவம்பர் 2009

மதிப்புள்ள கைர்ஜான் அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை மினிபஸ் ஓட்டுநர் மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து கொடுத்தார். குல்ஷிரா தன் அக்காவுக்கு வெண்ணெய் அனுப்பியிருக்கிறாள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்கறியை நான் கேட்டு வாங்கவில்லை. மாமாவுக்கு அன்று கொஞ்சம் ஏறியிருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பொறாமை என்று எழுதியிருந்தீர்கள், எனக்கும் ஒன்று உண்டு. உங்கள் துப்பாக்கியில் இருந்த தொலைநோக்கி வழியாக என்னை ஒரு தடவை பார்க்கச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எதிர்ச் சரிவில் நின்ற மலையாட்டின் தாடி மயிர் அசைவது தெரிந்தது. அன்றிலிருந்து என் துப்பாக்கியைத் தூக்கினால் குருடன் தூக்குவது போலவே இருக்கிறது. ஒரு வாரம் வீட்டில் அதையே பேசினேன். குல்ஷிராவுக்குப் பொறுக்கவில்லை. "அதை வாங்கினா அதுக்கு உறை வேணும்பீங்க. உறைக்கு ஒரு பை, பையைத் தூக்க இன்னொரு குதிரை. ஆட்டுக்கு வைக்கோல் நான் பாத்துக்கறேன், நீங்க போய் தாடி மயிரை எண்ணுங்க" என்றாள். அதோடு விட்டேன். விட்டேன் என்றால், தினமும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் ஒரே துப்பாக்கி இருப்பதற்குக் காரணம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தார்கள், பழகிவிட்டது. நீங்கள் பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். இந்த முறை கையில் எடுக்காத சாமானை அடுத்த முறை கொண்டுவராதீர்கள். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

உங்கள் அன்புச் சகலை,
ஒராஸ்பெக்


அல்மாட்டி
9 டிசம்பர் 2009

அன்புத் தம்பி ஒராஸ்பெக்,

வெண்ணெய் வந்தது, தீர்ந்தும் விட்டது.

நீ சொன்னபடி பையை வரவேற்பறையில் கொட்டினேன். ரவ்ஷான் எட்டிப் பார்த்து, "கடை வைக்கப் போறீங்களா?" என்றாள். கையில் எடுக்காத சாமான் பத்தொன்பது. காற்றின் வேகத்தை அளப்பது, கழுத்தைச் சூடாக்குவது, மனித வாடை தெரியாமல் இருக்க உடம்பில் தெளிப்பது. எல்லாவற்றையும் விற்றேன். என்னிடம் இருந்த மூன்று துப்பாக்கிகளில் இரண்டும்கூடப் போய்விட்டன. கடைக்காரன் வாராவாரம் போன் செய்கிறான். "அண்ணே, உடம்புச் சூட்டை வச்சே ஆட்டைக் காட்டுற கருவி வந்திருக்கு. வாங்க வேணாம், சும்மா வந்து கையில பிடிச்சுப் பாருங்க" என்கிறான். இரண்டு முறை கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். சிகரெட்டை விட்டபோதுகூட இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

பை லேசாகிவிட்டது, மனசு ஆகவில்லை. மிச்சமிருக்கும் எட்டு சாமானை மேசையில் பரப்பி வைத்தால் ஏறக்குறைய உன் சாமான்கள் மாதிரியே தெரிகின்றன. துப்பாக்கி மட்டும்தான் உன்னுடையதாக இல்லை. கட்டை பிளந்த இடத்தில் ஒட்டகத் தோல் சுற்றிய அந்தப் பழசுதான் எந்நேரமும் கண்ணில் நிற்கிறது. அடுத்தவன் வீட்டுப் பெண்ணை நினைப்பது போல வெட்கமாகவும் இருக்கிறது.

சுற்றி வளைக்கவில்லை. தம்பி, உன்னிடம் கோல்கா கேட்கிறேன். அந்தத் துப்பாக்கியை எனக்குக் கொடு. உறவுக்காரன் ஒருவன் கோல்கா என்று சொல்லிக் கேட்டால், குதிரையானாலும் வேட்டைக் கழுகானாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அது தெரிந்துதான் கேட்கிறேன். பின்னொரு நாள் நீ என்னிடம் கேட்டால் நானும் மறுக்க முடியாது.

உன் சகலை,
கைர்ஜான்


குளிர்காலக் கிடை
27 டிசம்பர் 2009

கைர்ஜான் அண்ணனுக்கு,

கேட்டுவிட்டீர்கள். கொடுத்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் பெயர் மாற்றும் தாளில் என் கையெழுத்தைப் போட்டாயிற்று. துப்பாக்கியும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வந்து உங்கள் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிடை வரை வர வேண்டாம், பனி அதிகம்.

சில விஷயங்கள். இருநூறு தப்படிக்கு மேல் போனால் குண்டு இடப்பக்கம் ஒரு சாண் இழுக்கும். அதைத் திருத்த வேண்டாம், நீங்கள்தான் வலப்பக்கம் தள்ளிக் குறி வைக்க வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் போடாதீர்கள், உறைந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சுற்றியிருக்கும் தோலைப் பிரிக்காதீர்கள்.

குல்ஷிரா என்னோடு பேசுவதில்லை. "அவரு கேட்டாராம், இவரு கொடுத்தாராம். நாளைக்கு என்னைக் கேட்டாலும் அனுப்பி வச்சிடுவீங்களா?" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன வாரம் ஓநாய்கள் ஓடை வரை வந்தன. நாய்கள் இருக்கின்றன. பக்கத்துக் கிடைக்காரர் தன் ஒற்றைக் குழல் துப்பாக்கியை எப்போதாவது இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் சகலை,
ஒராஸ்பெக்


அல்மாட்டி
21 பிப்ரவரி 2010

அன்புத் தம்பி,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

ஜனவரியில் உன் துப்பாக்கியோடு நரி வேட்டைக்குப் போனேன். ஐந்து குண்டும் பனிக்குள் போயின. நீ சொன்னபடி வலப்பக்கம் தள்ளித்தான் பிடித்தேன். எவ்வளவு தள்ள வேண்டும் என்பது உன் தோளுக்குத் தெரியும், என் தோளுக்குத் தெரியவில்லை. கூட வந்தவர்கள், "சகலையோட துப்பாக்கி சகலை சொன்னாத்தான் கேக்கும்போல" என்று கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

மறுநாளே ஆயுதம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். குழலை வெட்டி நேராக்கச் சொன்னேன். பழைய குறிமுனையை எடுத்துவிட்டுத் தொலைநோக்கி பொருத்தச் சொன்னேன். கட்டையையும் மாற்றச் சொன்னேன். "பழசு வேணாமா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டை அவர் அடுப்புக்குப் போனது, தோலோடு சேர்த்து. இப்போது நேராகச் சுடுகிறது. நான் விற்ற இரண்டும்கூட இப்படித்தான் நேராகச் சுட்டன.

ஓநாய்கள் உன் ஆடுகள் ஒன்பதை அடித்ததை ரவ்ஷான் நேற்றுதான் சொன்னாள். என்னிடம் மிச்சமிருக்கும் துப்பாக்கியை, தாடி மயிர் தெரிந்ததாகச் சொன்னாயே அந்தத் தொலைநோக்கியோடு, உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன். நீ கேட்கக்கூட வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் துப்பாக்கி எனக்குத் தேவைப்படவே இல்லை. அது உன்னிடம் இருப்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கைர்ஜான்


குளிர்காலக் கிடை
14 மார்ச் 2010

கைர்ஜான் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. குல்ஷிராவுக்கும் படித்துக் காட்டினேன்.

டிசம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போதே நான் ஒன்று நினைத்து வைத்திருந்தேன். நவ்ரிஸ் புத்தாண்டு விருந்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது நானும் உங்களிடம் கோல்கா கேட்பேன். அதே துப்பாக்கியைக் கேட்பேன். உங்களாலும் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள், நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வருவேன். இதைச் சொன்ன பிறகுதான் குல்ஷிரா என்னோடு பேச ஆரம்பித்தாள். இரண்டு பேருமாக நவ்ரிஸுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். இனிமேல் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் துப்பாக்கி எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்த நாளிலிருந்து அதன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கிடைக்காரரின் ஒற்றைக் குழலை இரண்டு ஆட்டுக்கு வாங்கிவிட்டேன். அதில் கிட்டப் போய்த்தான் சுட முடியும். போய்க்கொள்கிறேன்.

நவ்ரிஸ் அன்று மாமா பழைய துப்பாக்கியைப் பற்றி விசாரித்தால், குழல் வெடித்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். உங்கள் பேச்சே வராது. அக்காவுக்கும் நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

குடும்பத்தோடு வாருங்கள். தேநீர் குடிக்கலாம், பிள்ளைகள் குதிரையேறட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்குங்கள். அக்டோபரில் மட்டும் வர வேண்டாம். மலைக்கு நான் தனியாகவே போய்க்கொள்கிறேன்.

ஒராஸ்பெக்