பகலில் மட்டும் தூங்கும் குழந்தை

மார்ச் 4, செவ்வாய்

என் மகள் உருண்டைக்குச் சளி பிடித்து இரண்டு நாளாகிறது. ஏழு மாதக் குழந்தைக்கு மூக்கைச் சிந்தத் தெரியுமா? பால் குடிக்க வாயை வைத்தால் மூச்சு விட முடியவில்லை, வாயை எடுத்தால் பசி. இரவு முழுக்க அதே அழுகை. அவர் பேக்கரியில் ராத்திரி வேலைக்குப் போய்விடுவதால், தூக்கிக்கொண்டு நடப்பது நான் ஒருத்திதான்.

ஆனால் பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாளாம். “சமத்தா தூங்குனா அண்ணி” என்கிறாள் நாத்தனார். புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இரண்டு மாதம் இருக்கும். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

என்னிடம் ராட்சசி, அவளிடம் சமத்தா? எப்படி?

மார்ச் 5, புதன்

உருண்டையின் சட்டைக் கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. பிசுபிசுவென்று இருந்தது, முகர்ந்தால் மிட்டாய் வாசனை. “என்ன இது?” என்று கேட்டேன். “பாலா இருக்கும் அண்ணி” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

பால் எப்போதிலிருந்து சிவப்பானது?

சாயங்காலம் நான் தூக்கியபோது கழுத்து துவண்டு கிடந்தது. கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், யாரையோ பார்ப்பது போல. திரும்ப மூடிக்கொண்டாள்.

மார்ச் 6, வியாழன்

கடைக்குப் போகும் முன் உருண்டையைக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். நெஞ்சில் சளி இல்லையாம், மூக்கில் மட்டும்தான். உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து, பால் கொடுப்பதற்கு முன்னால். நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “கடையில விக்கிற சளி சிரப் ஏதாவது குடுத்தீங்களா? அதுல சிலது தூக்கம் வர வைக்கும். இந்த வயசுக்குக் கூடவே கூடாதும்மா, மூச்சே மந்தமாயிடும்.”

நேற்றுப் பார்த்த கறை நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து அவரை எழுப்பிச் சொன்னேன். “டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க” என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அப்புறம், “அவளை ஒண்ணும் கேட்டுடாதே. அவளே நொந்து போயி வந்திருக்கா.”

தங்கைப் பாசம். என் குழந்தை எக்கேடு கெட்டாலும் தங்கை மனசு நோகக் கூடாது!

வேலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. இன்றும் நன்றாகத் தூங்கினாளாம்.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனார் குளிக்கப் போன சமயம் அவள் பெட்டியைத் திறந்தேன். திருட்டுப் பூனை மாதிரி இருந்தது, இருக்கட்டும். அடியில், ஒரு சேலை மடிப்புக்குள் — பாட்டில். இளஞ்சிவப்பு. பாதிதான் இருந்தது.

அவள் வந்ததும் கத்தவில்லை, ஏன் என்று தெரியவில்லை. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரே ரகளை. லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் சத்தத்தையும் மீறி வீறிட்டாள். கண்ணாடி வாங்க வந்த பெரியவர், “கண்ணைப் பார்க்க வந்தேன், காது போச்சு” என்றார். முதலாளி சிரிக்கவில்லை. தொட்டிலாட்டுவது போல மடியில் போட்டு ஆட்ட ஆட்ட அழுகைதான் ஏறியது.

மத்தியானம் நாத்தனார் கடை வாசலில் வந்து நின்றாள். செருப்புகூட ஜோடி மாறியிருந்தது.

“குடுங்க அண்ணி. மூக்கடைச்சிருக்கும்போது மல்லாக்கப் போட்டா அவளுக்கு மூச்சு முட்டுது.”

நான் கொடுக்கவில்லை. அவளே வாங்கினாள். சொட்டு மருந்தை விட்டு, தோளில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டே நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் குர்ர் குர்ரென்று மூச்சு. குழந்தை தூங்கியே விட்டது. கையில் பாட்டில் இல்லை, ஒன்றும் இல்லை. என் கண்ணெதிரே.

“தினமும் இப்படியேவா?”

“நேத்துலேர்ந்து. தோள்லயே வெச்சிருப்பேன். கீழ விட்டா முழிச்சுக்குவா.”

“அப்போ உன் பெட்டியில இருக்கிறது?”

அவள் நடையை நிறுத்தவில்லை. “அது என் பெட்டியில இருந்தா அண்ணன் கைக்கு எட்டாதுல்ல?”

எனக்குப் புரிய நேரமாயிற்று. காலையில் வேலை முடிந்து வந்து, நான் கிளம்பியதும், அவர் அந்தச் சிரப்பைப் பாலில் ஊற்றியிருக்கிறார். புதன்கிழமைதான் இவள் பார்த்திருக்கிறாள், எடுத்து ஒளித்திருக்கிறாள்.

“ஏண்டி என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா சண்டை வரும். சண்டை வந்தா என்னை அனுப்புவீங்க. இங்கேர்ந்து அனுப்பினா நான் எங்க போவேன் அண்ணி? அங்கதானே போகணும்.”

அங்கே என்ன நடந்தது என்று இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது நான் கேட்டேனா?

மார்ச் 8, சனி

கேட்டேன். அவரிடம் கேட்டேனா, கத்தினேனா, தெரியாது.

“ஒரு மூடி. தினம் ஒரே ஒரு மூடிதான் குடுத்தேன்” என்றார். “பகல்ல தூங்காம அடுப்பு முன்னாடி நின்னு பாரு.” சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து கொப்பளித்திருந்தது. என்னிடம் சொல்லவே இல்லை.

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக? டாக்டரம்மா சொன்ன பிறகும் போர்வையை இழுத்துக்கொண்டாரே, அது? தங்கச்சியை ஒண்ணும் கேக்காதேன்னாரே — அவ வாயைத் திறந்துடுவான்னுதானே? பழி அவ மேல விழட்டும்னு பேசாம படுத்திருந்தீங்களே, மனுசனா நீங்க?

“பாட்டிலைக் காணோம்னதும் நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்” என்றார் கடைசியில்.

பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மூக்கு திறந்துவிட்டது. பால் ஒரே மூச்சில் குடித்தாள்.

அவர் இனிமேல் பகலில் பேக்கரியின் மாடியறையிலேயே தூங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று அவருக்கு விடுமுறை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் பாத்துக்கறேன், நீ போயி துணி துவை” என்றார். உருண்டை அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

சரி என்றுதான் வாளியைத் தூக்கினேன். அறை வாசல் வரைக்கும் போனேன், கால் நகரவில்லை.

நாத்தனார் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் பலகையோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் துணி துவைக்கப் போனேன்.