உயிரோடே சிவந்த சிங்கி இறால்

1911 பிப்ரவரி 6, திங்கள், காலை. பாளையங்கோட்டை

மணப்பாட்டு மீன்காரர் சந்தியாகு அண்ணாச்சி, வண்டிக்காரரிடம் ஒரு சிங்கி இறால் கொடுத்துவிட்டிருக்கிறார். அடேயப்பா, என்ன சிவப்பு! என் மனைவி சாலோமி எட்டிப் பார்த்து, "அவிச்சதையா கொடுத்து விட்டிருக்காவ?" என்றாள். இல்லையாம்! நூற்றிருபது பாகம், அதாவது எழுநூறு அடிக்கு மேல், கயிறு விட்ட ஆழத்தில் சிக்கியதாம், மேலே வரும்போதே இந்த நிறமாம். கரைப் பாறைச் சிங்கி கறும்பச்சை, வெந்தால்தான் சிவக்கும். அப்படியானால் இது வேறு இனம்! வெயிலே எட்டாத இடத்தில் குடியிருக்கிறது! சென்னை மியூசியத்துக்கு அனுப்பியே தீருவேன்.

அதே நாள், மாலை

தலைமையாசிரியர் அப்பாத்துரை ஐயா வகுப்பிலேயே சிரித்துவிட்டார். "வே தேவசிகாமணி, அவிச்ச இறாலைக் காட்டிப் பிள்ளையள ஏமாத்துதீரா? பள்ளிக்கூடப் பேர்ல இது சென்னைக்குப் போகாது வே." முப்பது பையன்களும் சிரித்தார்கள். கோபத்தில், "நீங்களே கடலுக்கு வந்து பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். "வாரேன்" என்றுவிட்டார்! நானே வள்ளம் ஏறியதில்லையே.

நாறத் தொடங்கியதால் சாராயத்தில் போட்டேன். கோயில் உபதேசியார் சாராயக்கடைப் பக்கம் என்னைப் பார்த்திருந்தால் தீர்ந்தது.

பிப். 10

சாராயத்தில் கிடக்கும் சிங்கி வெளுத்துக்கொண்டே வருகிறது. சிவப்பே போய்விட்டால் எதைக் காட்டுவது?

பிப். 18, சனி. மணப்பாடு

பார்த்தாயிற்று! பார்த்தாயிற்று!

கரை மறைந்தது. ஐயா வாந்தி, நானும் வாந்தி. கயிற்றை இரண்டு முறை இழுத்தும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை, "பைய இழுங்கலே, பைய!" என்று சந்தியாகு அண்ணாச்சி கத்தினார். பலகையில் விழுந்து வாலால் அடித்தது – செக்கச்செவேலென்று, உயிரோடு! நான் அழுதேன், வெட்கமில்லை. ஐயா வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல அடுப்பு உண்டா வே?"

"இல்லைய்யா."



பிப். 27, திங்கள்

இதுவும் சாராயத்தில் வெளுத்துவிட்டது. சென்னைக்குப் போகும் பெட்டிக்குச் சீட்டு எழுதினேன்: மணப்பாட்டுக்குக் கிழக்கே, நூற்றிருபது பாகம், சேற்றுத் தரை. 'நிறம்' என்றதும் பேனா நின்றது. வெளுத்ததைச் சிவப்பென்றால் யார் நம்புவார்கள்?

ஐயா பேனாவை வாங்கி, "உயிரோடிருக்கையில் சிவப்பு. கண்ணால் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என் வகுப்புக்கு வந்து, "அன்னைக்கு நான் சிரிச்சது தப்புலே" என்றார். பையன்கள் எழுந்து நின்றார்கள். எனக்குத்தான் பாடம் ஓடவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல் வெளியே போய்விட்டேன்.